ஐவி பெரியம்மாவின் மூன்று விரல்கள்

ஐவி பெரியம்மாவின் மூன்று விரல்களுக்கு எழுபது பவுண்டு கிடைத்தது. இரண்டாம் உலக யுத்தகாலத்தில், குண்டுக்கு மருந்து நிரப்பும் தொழிற்சாலையில் போன வலக்கை விரல்கள். பேரம் பேசத் தெரியாதவள், நானாயிருந்தால் நூறுக்குக் குறைய விட்டிருக்க மாட்டேன் என்று தங்கை மேபல் ஐம்பது வருஷமாகச் சொல்லிச் சிரித்து வந்தாள். இங்கிலாந்தில் போல்டன் ஊர்ச் சந்தையில் பொத்தான் கடை வைத்திருந்த குடும்பம். சாவு வீட்டிலும் விலை விசாரிப்பார்கள்.

மேபலின் மகள் தெல்மா கேட்டு வளர்ந்த கதை இதுதான்: படுக்கையில் கிடந்த அம்மாவை விட்டுவிட்டு, கூலிக்கும் நடனத்துக்கும் ஆசைப்பட்டு ஐவி ரயிலேறிவிட்டாள், மேபல்தான் ராப்பகலாக அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அதனால் கடை மேபலுக்கு. ஐவி கடைசிவரை சினிமாக் கொட்டகையில் இடது கையால் டிக்கெட் கிழித்தாள். மிச்சமிருந்த விரல்களுக்குப் பொத்தான் வசப்படாது. குளிர்காலம் தவறாமல் வந்து, ஒற்றைக் கையால் அமுக்கினாலே மூடிக்கொள்ளும் அழுத்துப் பொத்தான் வாங்குவாள். ஓடிப்போனவளுக்கு என்ன சலுகை என்று தெல்மா ஒரு பென்னிகூடக் குறைத்ததில்லை.

ஐவி போன குளிர்காலத்தில் இறந்தாள். இந்த வசந்தத்தில், யுத்தம் முடிந்த ஐம்பதாம் ஆண்டுக்கு நூலகத்தில் படக் கண்காட்சி வைத்தார்கள். குடும்பத்தின் சார்பில் ஐவியின் படம் ஒன்று இருக்கட்டுமே என்று தெல்மா விசாரிக்கக் கிளம்பினாள். ஐவியோடு ஒரே மேசையில் வேலை பார்த்த ஃபிலிஸ் கிழவி இன்னும் இருப்பதாக நூலகத்தில் சொன்னார்கள். பெரியம்மா எப்படி விருப்பப்பட்டு வந்து சேர்ந்தாள் என்று தெல்மா கேட்டதும் ஃபிலிஸுக்குச் சிரிப்பு தாளவில்லை.

"விருப்பமா? எங்களை ஆள்பிடிச்சுல்ல கண்ணு கொண்டுபோனாங்க. சட்டம். டிக்கெட்டைக் கையில திணிச்சு ஏறுன்னாங்க. வீட்ல நோயாளி இருந்தா மட்டும், பாத்துக்கறதுக்கு ஒரு பொண்ணை விட்டுவைப்பாங்க." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "உங்க பெரியம்மா தூக்கத்துலகூட ஒண்ணுதான் கேப்பா. அம்மாவை இப்ப யாரு புரட்டிப் படுக்கவைக்கிறாங்கன்னு."

பேருந்தில் திரும்பும்போது அந்தக் கேள்வியைத் தெல்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதுவரை புரட்டிப் போட்டவள் ஐவி என்றால், சட்டம் விட்டுவைத்தது மட்டும் எப்படி மேபலை?

சனிக்கிழமை, வழக்கம்போல மேபல் கடையில் வந்து உட்கார்ந்தாள். தெல்மா அவளுக்கு ஒரு கோப்பை சூடான கறுப்புப் பட்டாணி வாங்கி, வினிகர் ஊற்றிக் கொடுத்தாள். சரக்கை மேசையில் வை, ஒரு வார்த்தை சொல், வாயை மூடு, முதலில் பேசுகிறவன் தோற்றான்: தொழிலில் அம்மா கற்றுக்கொடுத்த முதல் பாடம். அதை இன்று அம்மாவிடமே நடத்தினாள்.

"ஃபிலிஸைப் பாத்தேம்மா. பெரியம்மாதான் உங்கம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பாங்களாமே."

சொல்லிவிட்டு முத்துப் பொத்தான்களை நிறம் பிரிக்க ஆரம்பித்தாள். மேபல் மழையைப் பற்றிப் பேசினாள். பட்டாணி வேகவில்லை என்றாள். தெல்மா நிமிரவில்லை.

"ஆள்பிடிக்கிற ஆபீசுக்கு என்னைச் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாங்க, அவளை வியாழக்கிழமை," என்றாள் மேபல் கடைசியில். "நோயாளியைப் பாக்கறது யாருன்னு கேட்டாங்க. நான்னு சொன்னேன். அவ போனப்ப, தங்கச்சி இருக்காளே, நீ எதுக்குன்னுட்டாங்க. முந்தினவளுக்குத்தானேடி சரக்கு."

"பெரியம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம? ஸ்டேஷன்ல பெட்டியைத் தூக்கிக் குடுத்ததே நான்தான். ரெண்டு மணிக்கொரு தரம் புரட்டுன்னு சொல்லிட்டு ஏறினா."

"புரட்டினியா?"

மேபல் கரண்டியை நக்கி வைத்தாள். "கடை இருந்துச்சேடி."

பாட்டி, ஐவி ரயிலேறிய அதே குளிர்காலத்தில் படுக்கைப் புண்ணில் செத்துப்போனது தெல்மாவுக்குத் தெரியும். அதையும் ஐவியின் பாவத்தில்தான் இதுவரை எழுதி வைத்திருந்தார்கள். எழுத உதவியவர்களில் தானும் ஒருத்தி என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. தெல்மாவின் நாக்கையே கூலியில்லாத கடைப்பையனாக அம்மா இத்தனை வருஷம் வேலை வாங்கியிருக்கிறாள்.

"பட்டாணிக்கு எவ்வளவுடி?" என்று மேபல் எழுந்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பாள். விடும்மா என்று தெல்மா சொல்வாள்.

"அறுபது பென்ஸ்," என்றாள் தெல்மா.

மேபல் அவளைப் பார்த்தாள். பிறகு பர்ஸைத் திறந்து எண்ணி வைத்தாள்.

கடையை மூடும்போது தெல்மா வழக்கம்போல மனக்கணக்குப் போட்டாள். மேபல் பக்கம் கடை, வீடு, பத்து விரல், ஊரில் நல்ல பெயர். ஐவி பக்கம் எழுபது பவுண்டு, முழு விலை கொடுத்து வாங்கிய அழுத்துப் பொத்தான்கள். இன்று வரவு அறுபது பென்ஸ். பாக்கி அப்படியே நிற்கிறது. வந்து வாங்கிக்கொள்ள ஆளில்லை.