பனி பூக்காத சிலிண்டர்

2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, மைசூரு தொழிற்பேட்டையில் உள்ள ஓர் ஆக்ஸிஜன் ஆலையில் ஷிப்ட் பொறுப்பாளர் தேர்வின் முடிவுகள் ஒட்டப்பட்டன. தேர்ச்சிக்கு ஐம்பதுக்கு முப்பத்தைந்து. சொர்ணலதாவின் பெயருக்கு எதிரே முப்பத்துமூன்று.

மூன்று முறைதான் எழுதலாம் என்பது ஆலையின் விதி. இது அவளுக்கு மூன்றாவது. பதினோரு வருடமாக சிலிண்டர் நிரப்பும் கொட்டகையில் இருக்கிறாள். வாயு ஏற ஏற சிலிண்டர் சூடாகும். ஏறாதது குளிர்ந்தே கிடக்கும். அதனால் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பதே அங்கே முதல் வேலை. அவள் கைக்குத் தெரியாத சிலிண்டர் இல்லை. ஆனால் அந்தக் கொட்டகைக்கு இதுவரை ஒரு பெண்ணும் பொறுப்பாளராக வந்ததில்லை.

"அக்கா, ஏழாவது கேள்வில உங்களுக்கு முட்டை," என்றான் கூட வேலை செய்யும் ஹேமந்த். நாற்பது மார்க் வாங்கின தெம்பு. "எனக்கு ரெண்டுக்கு ரெண்டு."

முற்றத்தில் நிற்கும் சிலிண்டருக்குள் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளின் சராசரி இருமடிமூல வேகம் நொடிக்கு 484 மீட்டர். வாயுவின் வெப்பநிலை என்ன? இதுதான் கேள்வி.

"நான் இருபத்தேழு டிகிரி எழுதினேன். நீ?"

"மைனஸ் நூத்து இருபத்து மூணு. ஆன்சர் கீயும் அதேதான்."

சொர்ணலதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன்டா, முத்தத்துல நிக்கிற சிலிண்டரைத்தானே நேத்து கட்டிப்பிடிச்சு உருட்டிட்டுப் போன? அவ்வளவு குளிர்னா உன் தோல் அதுலயே ஒட்டியிருக்குமே!"

"ஹௌதல்லா! ஆமால்ல!" என்றான் ஹேமந்த், தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு.

அவள் போய்ச் சொன்னபோது, கேள்வித்தாள் தயாரித்த அதிகாரி இராமச்சந்திரன் முதலில் அசைந்து கொடுக்கவில்லை.

"சூத்திரத்துல போட்டுத்தாம்மா பார்த்தேன்."

"ஒரு நிமிஷம் வெளிய வந்து தொட்டுப் பாருங்க சார்."

தூறலில் குடையோடு வந்தார். திரவ ஆக்ஸிஜன் தொட்டியின் குழாயில் வெள்ளைவெளேரென்று பனி பூத்திருந்தது. பக்கத்தில் நின்ற சிலிண்டர்களில் மழைத்துளி வழிந்துகொண்டிருந்தது. ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"மூலக்கூறு எடை எத்தனைன்னு போட்டீங்க சார்?"

"பதினாறு."

"அது ஒத்தை அணுவுக்கு. ஆக்ஸிஜன் ஜோடி போட்டுக்கிட்டுத்தான் சார் சுத்தும். முப்பத்திரண்டு."

அவர் கைப்பேசியை எடுத்தார். 484-இன் வர்க்கம், அதை முப்பத்திரண்டு கிராமுக்கான 0.032 கிலோவால் பெருக்கி, 8.314-இன் மும்மடங்கால் வகுத்தால், முந்நூறு கெல்வின். அதில் 273 போக இருபத்தேழு. இன்னொரு முறையும் போட்டுப் பார்த்தார். பிறகு குடை ஆடும்படி சிரித்தார்.

"பேப்பர் போட்டவனுக்கே முட்டையாம்மா!"

"சார், அப்போ என் ரெண்டு மார்க்?" என்றான் பின்னாலேயே வந்திருந்த ஹேமந்த்.

"போச்சுப்பா."

"அக்கா, நீங்க சும்னே இருந்திருக்கக் கூடாதா?"

"முப்பத்தெட்டுன்னாலும் நீ பாஸ்தான்டா. மத்தூர் வடை வாங்கித் தரேன், அழாத."

"மார்க்குக்கு ஒண்ணு. மொத்தம் ரெண்டு."

"சட்னி உன் பொறுப்பு."

பிற்பகல் மூன்று மணிக்குத் திருத்திய பட்டியல் ஒட்டப்பட்டது. ஹேமந்த் 38, சொர்ணலதா 35. பணிமூப்பின்படி திங்கட்கிழமை முதல் சொர்ணலதா இரண்டாம் ஷிப்டின் பொறுப்பாளர்.