ரைஸ் மில் வாசல்

கடவுளோடு ஒன்றாகிவிடப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்று நான் இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"சரி, ஆகுங்க. அதுக்கு முன்னால இந்தக் கிரைண்டர் கல்லைக் கொஞ்சம் தூக்கி வெளிய வையுங்க" என்றேன்.

அவர் தூக்கி வைக்கவில்லை. பைபிளை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தக் கல்லை நான் தூக்கியதே கிடையாது, அவர்தான் தூக்குவார்.

அவர் பெயர் ஜெபசிங். அரசு பஸ் டிரைவர். காலையில் சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகிற டவுன் பஸ் அவருடையது. பனவடலிசத்திரத்தில் நான் அங்கன்வாடி டீச்சர் என்பதால் அதே பஸ்ஸில்தான் நானும் போவேன். பெண்கள் யாருக்குமே அந்த பஸ்ஸில் டிக்கெட் காசு கிடையாது. ஆகையால் டிரைவர் பெண்டாட்டி என்று எனக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. ஒரு சீட்டாவது பிடித்து வைப்பாரா என்றால் அதுவும் மாட்டார். "முதல்ல ஏறுனவங்க உட்காரட்டும்" என்பார். அப்படி ஒரு நியாயஸ்தர்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கியிருந்த சமயம் அது. ஊரில் மூன்று நாள் ஜெபக்கூட்டம் போட்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், கடவுளோடு ஒன்றாகிவிட்டவனுக்கு உலகத்தின் சத்தம் கேட்காது என்று பேசினார். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து சோற்றை வைத்ததும் மறந்து போனேன். இவர் மறக்கவில்லை.

அவரை வெறும் கிறுக்கு என்று தள்ளிவிடவும் எனக்கு மனசு வராது. அன்று ராத்திரி கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் சோற்றைத் தொடாமல் சொன்னார்: "ஐம்பது வயசாகப் போகுது லீலா. ஞாயித்துக்கிழமை ஆண்டவரைப் பார்க்கேன், மத்த நாளெல்லாம் ரோட்டைத்தான் பார்க்கேன். இப்படியே போயிருவேனோன்னு பயமா இருக்கு." குரல் உடைந்திருந்தது. அந்தப் பயம் பொய் இல்லை. அதனால்தான் முதலில் நானும் விட்டுப் பிடிக்கலாம் என்றிருந்தேன்.

விட்டதுதான் மிச்சம், பிடிக்க முடியவில்லை. விடியுமுன்னே எழுந்து அறைக்குள் போவார். வேலைக்குக் கிளம்பத்தான் வெளியே வருவார். டீயை நிறுத்தினார். காய் நறுக்குவதை நிறுத்தினார். நாகர்கோவிலில் படிக்கிற மகள் போனில் கூப்பிட்டால் "அம்மாட்ட பேசு மக்கா" என்று என்னிடம் தள்ளிவிட்டார். முழங்காலில் நின்று நின்று காய்ப்புக் காய்த்தது. இவ்வளவுக்கும் பிறகு, "இன்னும் கிடைக்கலை லீலா, ஏதோ ஒண்ணு குறுக்க நிக்குது" என்பார். வீட்டில் குறுக்கே நடமாடுகிற ஒரே ஆள் நான்தான். எனக்கு எப்படி இருக்கும்?

ஒரு நாள் வாய்விட்டே சொன்னார். சிவகிரிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ஜெப வீடு இருக்கிறதாம். அங்கே போனவர்கள் திரும்பி வருவதில்லையாம், தேவையும் இல்லையாம். "கிடைச்சிட்டுன்னு எனக்கு நிச்சயமா தெரிஞ்ச அன்னைக்கு வேலையை எழுதிக் கொடுத்துட்டு அங்க போயிருதேன்" என்றார். சம்பளம் போனால் போகிறது, எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். ஆளே போய்விட்டால் என்ன செய்வேன்? அவருக்கு அது கிடைத்துவிடக் கூடாது என்று கடவுளிடமே வேண்டிக்கொண்டேன். இப்படியும் ஒரு ஜெபம் உண்டா என்று கேட்காதீர்கள். நான் செய்தேன்.

வீட்டோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். இடைவிடாமல் ஜெபிக்க வேண்டும் என்று பஸ்ஸிலும் தொடங்கிவிட்டார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்குக் கண்ணாடியில் அவர் உதடு அசைவது தெரியும். பஸ் நிறைய ஜனம். பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூக்கூடைக்காரர்கள், வயல் வேலைக்குப் போகிற பெண்கள். நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, இந்த ஜனத்தைக் காப்பாற்றும் என்று என் பங்குக்கு ஜெபித்துக்கொண்டு வருவேன்.

இங்கே மைதீன் பாட்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனவடலிசத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறவர். சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிவிட்டது, ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பார். சங்கரன்கோவிலைத் தாண்டியதும் மூடிக்கிடக்கிற பழைய ரைஸ் மில்லுக்குப் பின்னால் அவர் வீடு. மில் வாசலில் பஸ் ஸ்டாப் கிடையாது. முன்னாலும் பின்னாலும் இருக்கிற ஸ்டாப்புகள் அவர் காலுக்குத் தூரம். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு மழை நாளில் அவர் ஸ்டாப்பை நோக்கி நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்து, இவராக வண்டியை நிறுத்தினார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பாட்சா ஏறி, ஊன்றுகோலை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சாய்த்து, உட்கார்ந்து, "ஆச்சு அண்ணாச்சி" என்று சொன்ன பிறகுதான் இவர் கியரைத் தொடுவார். மற்ற டிரைவர்கள் யாரும் அங்கே நிறுத்துவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அது ஸ்டாப் இல்லையே.

அப்படி ஒரு வியாழக்கிழமை பஸ் மில்லை நெருங்கும்போது பாட்சா வழக்கம்போல வாசலில் நின்று கையைக் காட்டினார். வேகம் குறையவில்லை. "ஏங்க, பாட்சா அண்ணன் நிக்காரு" என்றேன். கண்டக்டர் வீரபாண்டி விசில் கொடுத்தான். இவர் எதையும் கேட்கவில்லை. மில் பின்னால் போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். ஊன்றுகோலை உயர்த்தியபடி அந்த மனிதர் தூசிக்குள் நின்றுகொண்டிருந்தார். அதன்பிறகு வந்த ஸ்டாப்புகளில் வண்டி ஒழுங்காகத்தான் நின்றது.

பனவடலிசத்திரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க அவர் முன்னால் போய் நின்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. முகம் அப்படிப் பிரகாசமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"லீலா, கிடைச்சிட்டு" என்றார். "இன்னைக்குக் காலையில, ஊரைத் தாண்டுனதும். நான்னு ஒருத்தன் இல்லாமப் போயிட்டேன். அவர் மட்டும்தான் இருந்தாரு. ஒரு சத்தமும் கேட்கலை."

திட்ட வந்தவள் பையைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்கு நடந்தேன். சாயங்காலம் வீட்டில் வைத்துச் சொன்னார், திங்கட்கிழமை டிப்போவில் எழுதிக் கொடுத்துவிடப் போகிறாராம்.

"என்னைய என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

"உன்னையும் அவர் பார்த்துக்கிடுவாரு."

"அவர் பார்த்துக்கிடுவாரு, சரி. கிரைண்டர் கல்லை யார் தூக்குவா?"

கேட்டுவிட்டு நானே அழுதுவிட்டேன். எவ்வளவோ கேட்கலாம் என்று நினைத்திருந்தவளுக்கு வாயில் வந்தது கல்தான். அவர் என் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஆறுதல் சொல்லத் தெரிந்த மனுஷன், இப்போது ஜெபிக்கத்தான் செய்தார். பாட்சா விஷயத்தைச் சொல்ல எனக்கு அப்போது நினைவே வரவில்லை.

மறுநாள் காலையில் மில் வருவதற்கு வெகு தூரம் முன்னாலேயே வீரபாண்டி விசில் மேல் விசிலாக ஊதினான். வண்டி நின்றது. பாட்சா ஏறினார். ஊன்றுகோலைச் சாய்த்தார், உட்கார்ந்தார். ஆனால் "ஆச்சு அண்ணாச்சி" என்று சொல்லவில்லை. முன்னால் குனிந்து இவருடைய தோளைத் தொட்டார்.

"உடம்பு இப்போ தேவலையா அண்ணாச்சி?"

இவர் திரும்பிப் பார்த்தார். "எனக்கு என்ன?"

"நேத்து நீங்க லீவுல்லா? வேற யாரோ ஓட்டிட்டுப் போனாங்க. எதிர்வெயில் கண்ணாடியில அடிச்சுதா, முகம் தெரியலை. நிறுத்தலைன்னதும் தெரிஞ்சிட்டு, இன்னைக்கு அண்ணாச்சி வண்டியில இல்லைன்னு. லீவே போடாத மனுஷனாச்சே, மேலுக்கு என்னமும் முடியலையோன்னு மனசு கேட்கலை. மத்தியானம் தொழுகையில உங்களுக்காக துஆ கேட்டேன்."

வீரபாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆமாம் பாட்சா, லீவுதான் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை, வண்டி போய்க்கொண்டே இருக்கும். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். நேற்றைய பிரகாசம் இல்லை, ரத்தம் சுண்டிப் போயிருந்தது.

"நேத்து நான்தான் ஓட்டுனேன் பாட்சா" என்றார்.

பாட்சா சூம்பிய காலை இரண்டு கையாலும் தூக்கி நேராக வைத்துக்கொண்டார். முந்தின நாள் அடுத்த ஸ்டாப் வரைக்கும் அந்தக் காலோடு வெயிலில் நடந்தவர் அவர். ஒரு வார்த்தை ஏசியிருந்தாலும் நியாயம்தான்.

"நீங்க இருந்தும் நிறுத்தலைன்னா, ஏதோ முடியாமத்தான் இருந்திருக்கு" என்றார் கடைசியில். "துஆ வீணாப் போகலை. ஆச்சு, எடுங்க அண்ணாச்சி."

இவர் எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பின்னால் யாரோ, "என்ன வே, வண்டி போகுமா போகாதா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் கியர் விழுந்தது. அன்றைக்கு பனவடலிசத்திரம் வரைக்கும் அவர் உதடு அசையவே இல்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஏறுகிறவர்களை முகம் முகமாகப் பார்த்தார்.

சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது அவர் அடுக்களையில் தரையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே பேசட்டும் என்று இருந்தேன்.

"நேத்து நான் ஆண்டவரோட இருந்தேன்னுதானே நினைச்சேன்" என்றார் கத்தரிக்காயைப் பார்த்தபடி. "பாட்சாவுக்குப் பார்த்தா, வண்டியில நானே இல்லை."

"ம்."

"அங்க ஸ்டாப் இல்லை லீலா. நிறுத்தலைன்னா டிப்போவுல ஒருத்தனும் கேட்க மாட்டான். இத்தனை வருஷமா ஒவ்வொரு நாளும் நானாத்தான் பிரேக்கை மிதிச்சிருக்கேன். அதுல ஆண்டவர் இருந்திருக்காரு போலுக்கே. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அவரைப் பார்க்கேன்னு உன்கிட்ட அழுதேன், பாரு."

"திங்கக்கிழமை?" என்று கேட்டேன்.

"டூட்டிக்குத்தான் போறேன். பாட்சா நிப்பாருல்லா."

லெந்து தொடங்கியதிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, மூச்சு தாராளமாகப் போய் வந்தது. சந்தோஷத்தில் அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால் குறுக்கே அரிவாள்மனை. அதனால் நன்றாக அழுதேன். "உங்களுக்கு அது கிடைக்கவே கூடாதுன்னு நான் ஜெபிச்சேன்" என்றும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு எழுந்து போய், நான் சொல்லாமலே கிரைண்டர் கல்லைத் தூக்கி வெளியே வைத்தார்.

ஆசையை அவர் விட்டுவிடவில்லை. திங்கட்கிழமை விடியற்காலையில் எழுந்து பார்த்தால் முழங்காலில்தான் இருந்தார், ஆனால் கதவு திறந்திருந்தது. டீ போட்டுக்கொண்டு போனேன். மெதுவாக ஜெபித்துக்கொண்டிருந்தார். பாட்சா பெயர் வந்தது, வீரபாண்டி பெயர் வந்தது, மகள் பெயரும் என் பெயரும் வந்தன. எங்கள் ஆட்களுக்கு ஆமென் சொல்லாமல் எழுந்திருக்கக் கால் வராது. அவரோ பாதியில் விட்டதுபோலச் சட்டென்று எழுந்து, டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். காக்கிச் சட்டையை எடுத்து மாட்டினார்.

"ஆமென் சொல்லாம எந்திரிச்சிட்டீங்களே" என்றேன்.

"இன்னும் முடியலை லீலா. சாயங்காலம் வந்து சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நானும் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினேன்.