பதினேழாம் கேஜ்

புதுக் கேஜும் 414 என்றே சொன்னது.

புதன்கிழமை காலை எட்டேகால் மணி. திரையில் பதினேழாம் வரிசைக்கு எதிரே அந்த எண் அசையாமல் நின்றது. முந்தைய நாள் இதே கேஜ், இதே கொக்கியில், இதே அளவு முறுக்குக்கு 563 காட்டியிருந்தது. இடையில், காலையில் வழக்கம்போல் கழற்றி மறுபடி இறுக்கியதைத் தவிர, யாரும் எதையும் தொடவில்லை. கூடத்தைப் பூட்டிச் சாவியைக் காவலரிடம் கொடுத்தவன் நான்தான்.

நாங்கள் சோதிப்பது போர் விமானத்தின் இறக்கைக்கு அடியில் குண்டைப் பிடித்துக்கொள்ளும் தாங்கியை. விமானம் எங்கள் கூடத்துக்கு வருவதில்லை, குண்டும் வருவதில்லை. மஞ்சள் வண்ணம் பூசிய இரும்புச் சட்டத்தில் தாங்கி தொங்கும். குண்டுக்குப் பதிலாக அதே எடையுள்ள எஃகு உருளை. உருளையின் முதுகில் இரண்டு வளையங்கள், தாங்கியில் அவற்றைக் கவ்வும் இரண்டு கொக்கிகள். கொக்கியில் மட்டும் தொங்கவிட்டால் விமானம் திரும்பும்போது உருளை ஊசலாடும். அதனால் தாங்கியின் இருபுறமும் இரண்டிரண்டு கைகள் நீண்டிருக்கின்றன. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு தடித்த போல்ட். அதை இறுக்கினால் உருளையின் தோளை அழுத்தும். கைகள் உருளையைக் கீழே தள்ள, கொக்கிகள் விடாமல் மேலே பிடிக்க, இரண்டுக்கும் நடுவே உருளை அசையாமல் நிற்கும். ஆக, விமானம் கிளம்புவதற்கு முன்பே, இறுக்கிய கணத்திலேயே, கொக்கிக்குள் ஓர் இழுப்பு ஏறிவிடுகிறது. அந்த இழுப்பை அளப்பதுதான் பதினேழாம் கேஜின் வேலை. நகத்தளவுள்ள பட்டையில் முடியைவிட மெல்லிய உலோகக் கம்பி மடிந்து மடிந்து ஓடும். கொக்கி நீண்டால் அதோடு ஒட்டிய கம்பியும் நீளும், நீண்டால் அதன் மின்தடை மாறும். இவ்வளவுதான். இருபத்து மூன்று வருடம் பார்த்தும் எனக்கு இது அலுக்கவில்லை.

"என்ன இஞ்சினியர் ஐயா, புதுசும் பழைய பாட்டத்தான் பாடுதா?" என்றார் பொஹுஷ். எங்கள் ஃபிட்டர். இறுக்கி முடித்த கையோடு ஏணிப்படியில் உட்கார்ந்து, சலாமி வைத்த ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"முறுக்கு நாற்பதுக்குத்தானே இறுக்கினீங்க?"

"நாப்பதுல வச்ச ஸ்பேனர் 'டக்'னு சொல்லிச்சு, விட்டுட்டேன். நம்பிக்கை இல்லன்னா அதையே கேளுங்க." ஒரு கடி கடித்தார். "அப்புறம், அந்தப் பக்கக் கதவு மறுபடி கத்துது. உங்க பாட்டில கொஞ்சம் காட்டுங்க."

என் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சிறிய தையல் மிஷின் எண்ணெய்ப் பாட்டில் இருக்கும். கூர்மூக்குப் பாட்டில். உலோகம் உலோகத்தோடு உரசிக் கிறீச்சிடுவதை என்னால் தாங்க முடியாது. நிறுவனத்தில் நான் எண்ணெய் விடாத கீல் இல்லை என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பழைய கேஜை ஒட்டியவர் யார்மிலா. இந்தத் தாங்கியில் மட்டும் நாற்பது கேஜ் ஒட்டினார். அவருடைய அறைக்குள் போக யாராக இருந்தாலும் வாசலில் காலணியைக் கழற்றி, அவர் வைத்திருக்கும் துணிச் செருப்பை மாட்ட வேண்டும். ஒருமுறை ராணுவக் கர்னல் ஒருவரையே பூப்போட்ட செருப்பில் நிற்கவைத்தார். பசைக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு தூசி போனாலும் கேஜ் பொய் சொல்லும் என்பார்.

எட்டு வருடத்துக்கு முன், நாள்காட்டியில் தன் பெயருக்குக் குறித்திருக்கும் பெயர்நாளன்று, தேநீர்க் கோப்பையில் இரண்டு விரல் பிளம் பிராந்தி ஊற்றி என் முன் நீட்டி, "நான் யார்மிலா" என்றார். நானும் "நான் ராடிம்" என்றேன். எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம், இனிமேல் நாம் ஒருவரையொருவர் 'நீ' என்றே அழைப்போம். மூத்தவர்தான் கொடுக்க வேண்டும், அதிலும் பெண்தான் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்ததை யாரும் திரும்ப வாங்குவதில்லை.

பிப்ரவரியில் எண்கள் இரண்டாகப் பிரிந்தன. சில நாள் 412, சில நாள் 560. பதினேழு மட்டுமல்ல, பக்கத்துக் கொக்கியின் பதினெட்டாம் கேஜும் அதே போலத் தாவியது. பசை நழுவினால் கேஜ் கொக்கியோடு முழுதாக நீளாது, எண் குறையும். எனவே உயர்ந்த எண் உண்மை, தாழ்ந்த எண் நழுவல் என்று முடிவுகட்டினேன். இரண்டு கேஜும் ஒரே நாளில், ஒரே அளவுக்கு நழுவி, மறுநாள் ஒழுங்காகத் திரும்பி ஒட்டிக்கொள்ளுமா என்று ஒரு மாணவன்கூடக் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. ஒரே கையால், ஒரே குடுவைப் பசையால் ஒட்டியவை என்று அறிக்கையில் எழுதினேன். கூட்டத்தில் நானே அதை வாசித்தேன்.

நான் வாசித்து முடித்த பிறகு யார்மிலா எழுந்தார்.

"நாப்பது கேஜ ஒட்டியிருக்கேன் இதுல. எது நழுவிச்சுன்னு கைய வச்சுக் காட்டுங்க, இஞ்சினியர் ஐயா."

'காட்டு' அல்ல, காட்டுங்க. அறையில் பதினோரு பேர் இருந்தார்கள், அத்தனை பேரும் மேசையைப் பார்த்தார்கள். நான் தாளைப் புரட்டினேன். அந்த வாரமே அவருடைய ஒட்டும் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டது. அவரைக் கருவிக் கிடங்கின் சன்னலுக்கு அனுப்பினார்கள். வெளியூரிலிருந்து ஓர் இளைஞன் வந்து, அவர் ஒட்டியதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டிப் போனான். அவன் அந்த அறையில் செருப்பு மாற்றவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

இப்போது அவனுடைய கேஜ் 414 என்கிறது.

அன்று காலை பதினோரு வாரத்து எண்களைத் துண்டுத் தாள்களில் எழுதி மேசையில் இரண்டு குவியலாகப் பிரித்தேன். உயர்ந்தவை, தாழ்ந்தவை. ஒவ்வொன்றிலும் கூடத்தின் வெப்பத்தை எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. காற்றின் ஈரம், பம்ப் ஓடிய நேரம், பின்புறம் சரக்கு ரயில் போன நேரம், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் கிழமையை எழுதினேன். உயர்ந்த குவியல் முழுவதும் செவ்வாயும் வியாழனுமாக வந்து விழுந்தது.

பொஹுஷ் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "செவ்வாயும் வியாழனுமா? அன்னைக்கெல்லாம் நான் ஆஸ்பத்திரியில குப்புறப் படுத்திருக்கேன். முதுகுக்குக் கரன்ட் வைக்கிறாங்கல்ல."

"அப்போ அந்த நாள்ல இறுக்குறது..."

"பேயா இருக்கும்" என்றார் சிரித்து. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் வராத நாட்களில் இறுக்குகிறவன் நான். ஆள் பற்றாக்குறை என்று பெயர். உண்மையில் ஸ்பேனர் பிடிக்கக் கிடைத்த சாக்கு. ஆனால் யார் பிடித்தாலும் ஸ்பேனர் நாற்பதில்தானே 'டக்' என்கிறது, கைக்குக் கை அது மாறாதே என்று யோசித்துக்கொண்டே குவியலைப் புரட்டினேன். தாழ்ந்த குவியலில் ஒரே ஒரு வியாழக்கிழமை கிடந்தது. மார்ச் மாதம். 409. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. உணவுக்கூடத்துத் தள்ளுவண்டியின் சக்கரம் கத்துகிறதென்று சமையல்காரம்மா என் பாட்டிலைக் கடன் வாங்கிப் போனார். அன்று போல்ட்டுகள் கிறீச்சிட்டதும், பல்லைக் கடித்துக்கொண்டு நான் இறுக்கியதும்கூட நினைவு வந்தது.

மற்றச் செவ்வாய், வியாழனெல்லாம் இறுக்குமுன் ஒவ்வொரு போல்ட்டிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டிருக்கிறேன்.

ஒரு போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதி உராய்விலேயே செலவாகிவிடும். மரையோடு மரை தேய்வதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, நுனி தேய்வதில் பாதி. மிச்சமுள்ள பத்தில் ஒரு பங்குதான் உருளையைத் தள்ளும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் உராய்வு கொஞ்சம் குறையும், குறைந்தது முழுவதும் தள்ளும் பங்கோடு போய்ச் சேரும். ஸ்பேனருக்கு அது தெரியாது, அதே நாற்பதில் 'டக்' என்னும். தள்ளுவது மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இதை நான் பலகையில் படம் போட்டுச் சொல்லித் தருகிறேன். சோதனை விதித்தாளில் 'மரைகள் சுத்தமாக, உலர்ந்திருக்க வேண்டும்' என்ற வரியை எழுதியதும் நான்தான். பொஹுஷ் அதைப் படித்துவிட்டு ஒவ்வொரு நாளும் துடைத்திருக்கிறார். எழுதிய எனக்குப் படிக்கத் தோன்றவில்லை.

இருவரும் சட்டத்துக்குப் போனோம். நாலு போல்ட்டையும் கழற்றி, குடுவையின் அடியில் மிச்சமிருந்த அசிடோனால் துடைத்து, உலரவிட்டு, நானே இறுக்கினேன். கிறீச்சிட்டது. 411. மறுபடி கழற்றி, வழக்கம்போல் ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு விட்டு இறுக்கினேன். வெண்ணெய் போலப் போனது. 561.

பொஹுஷ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இனிமே விடாதீங்க. முடிஞ்சுது கதை. எல்லா நாளும் நானூத்திப் பத்து வரும், புது கேஜு வந்து சரியாயிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்க. யாரு கேக்கப்போறா?"

"யார்மிலா?"

"அவங்களுக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கா? கிடங்குல ஹீட்டர் நல்லா எரியுது. ரேடியோ வேற வச்சிருக்காங்க." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் வாயத் திறக்க மாட்டேன். அத மட்டும் சொல்லிக்கிறேன்."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மதியம் உணவுக்கூடத்தில் சதகுப்பைச் சாஸும் மாவு உருண்டையும் வாங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். சாஸ் ஆறி மேலே ஏடு படியும்வரை அதையே நினைத்தேன். கணக்கு மிகச் சுலபமாக வந்தது. பாட்டிலைக் குப்பையில் போட வேண்டும், அவ்வளவுதான். பதினோரு பேருக்கு முன்னால் இன்னொருமுறை எழுந்து நிற்க வேண்டாம். பிறகு, எங்கோ ஒரு விமானதளத்தில், என்னைப் போலவே கிறீச்சொலி பொறுக்காத ஒரு மெக்கானிக் நல்லது செய்வதாக நினைத்து இரண்டு சொட்டு விடுவான். அவனுடைய கொக்கி நாங்கள் சோதித்ததைவிட அதிகமாக இழுபடும். அவனுக்கு எண்ணெய் விடாதே என்று எழுதினால் போதாது, விட்டால் எவ்வளவு கூடும் என்றும் எழுத வேண்டும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். இருபது நாளுக்குமேல் விட்டுப் பார்த்த ஒருவன் இங்கே இருக்கிறான் என்று சொல்லியாக வேண்டும்.

இப்படி நினைத்ததில் எனக்குப் பெருமை ஏதுமில்லை. மெக்கானிக் ஒருவன் நினைவுக்கு வராமல் இருந்திருந்தால், யார்மிலாவுக்காக மட்டும் எழுந்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிடங்குக்குப் போனேன்.

சன்னலுக்குப் பின்னால் யார்மிலா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துளைமுனைகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். ரேடியோ தணிந்து பாடிக்கொண்டிருந்தது. காலில் அந்தத் துணிச் செருப்பு. பொருள் வாங்க அடையாளமாகக் கொடுக்கும் என்னுடைய பித்தளை வில்லையைப் பலகைமேல் வைத்தேன்.

"என்ன வேணும், இஞ்சினியர் ஐயா?"

"அசிடோன். ஒரு லிட்டர்."

"இப்பல்லாம் எதுக்குன்னு எழுதணும். புது விதி." நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். "எதுக்கு?"

"போல்ட் துடைக்க."

"எந்த போல்ட்?"

"கைகள்ல இருக்குற நாலு போல்ட். மரையில எண்ணெய் இருக்கு."

பேனா நின்றது. அவருக்கு நான் பலகையில் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. என்னைவிடப் பதினோரு வருடம் கூடுதலாக அந்தக் கூடத்தில் இருந்தவர்.

"யாரு விட்டது?"

"நான்."

"எப்பலேர்ந்து?"

"பிப்ரவரியிலேர்ந்து. செவ்வாய், வியாழன்."

அவர் ரேடியோவை அணைத்தார். நான் மன்னிப்பு வார்த்தைகளைத் தயார்செய்து வைத்திருந்தேன். அந்தச் சன்னல் அவற்றுக்குப் போதுமான அகலமில்லை.

"எண்ணெய் இல்லாம எவ்வளவு?"

"நானூத்திப் பதினொண்ணு. இன்னைக்கு நானே பாத்தேன்."

"என்னோடது நானூத்திப் பன்னெண்டு" என்றார்.

"ஆமா."

கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். எழுதியிருந்த 'போல்ட் துடைக்க' என்ற வார்த்தைகளை நேர்கோட்டில் ஒரே அடியாக அடித்தார்.

"பாதி எழுதினா யாருக்கும் புரியாது. முழுசா சொல்லுங்க. நான் எழுதுறேன், கீழ கையெழுத்துப் போடுங்க. பிரதி மேல போகும்."

அவர் கேட்கக் கேட்க நான் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக, கேஜ் ஒட்டும் அதே நிதானத்தோடு எழுதினார். முடித்ததும் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். அதில் இருந்தது இது:

'பதினேழு, பதினெட்டாம் கேஜ்களின் பழைய ஒட்டுதலில் குறை இல்லை. செவ்வாய், வியாழன் நாட்களில் இழுப்பு கூடியதற்குக் காரணம், பொறியாளர் ராடிம் போல்ட் மரைகளில் எண்ணெய் விட்டது. ஒவ்வொரு முறையும் நான்கு போல்ட்டுகளையும் கழற்றி, அசிடோனால் துடைத்து, உலர்ந்த பிறகு நாற்பதுக்கு இறுக்கவும். கிறீச்சிடும். கிறீச்சிட வேண்டும்.'