பூநகரியில் கேட்ட பெயர்

முரசுமோட்டையில், கதிர் முற்றும் காலத்தில் வயலில் குருவிக்கூட்டம் வந்து விழுந்தால் இரஞ்சிதம் பிரெஞ்சு மொழியில்தான் கலைப்பாள். வினைச்சொற்களைப் பாடமாக்க அவளுக்கு வேறு நேரம் கிடைப்பதில்லை. நான் போகிறேன், நீ போகிறாய், அவர்கள் போகிறார்கள் என்று அவள் கத்திக்கொண்டு வர, குருவிகளும் போய்விடும்.

"இஞ்சருமப்பா, உம்மட குருவியள் இனிப் பிரான்சுக்கு விசா எடுத்துப்போடும்" என்பார் கணவர் செல்வநாயகம்.

இந்தப் பைத்தியத்தைத் தொடக்கிவைத்தவன் நிருஷன். பிரான்சில் இருக்கும் தங்கையின் மகன். ஐந்து வயதில் ஒருநாள் தொலைபேசியில் ஏதோ கேட்டான். விளங்காமல் இரஞ்சிதம் சிரித்தாள். திரும்பவும் கேட்டான். திரும்பவும் சிரித்தாள்.

"என்னடி சொல்லுறான்?" என்று தங்கையிடம் கேட்டாள்.

"எதைக் கேட்டாலும் பெரியம்மா ஏன் சிரிக்கிறா எண்டு கேக்கிறான்."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் இல்லாத அவளுக்குக் கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள்தான் எல்லாம். அவனுக்குத் தான் வெறும் சிரிப்புச் சத்தமா? வவுனியாவில் தையல் வேலைக்குப் போன காலத்தில் பக்கத்து மெசின்காரியிடம் சிங்களம் பிடித்தவள் அவள். இதையும் பிடித்துவிடலாம் என்று கைத்தொலைபேசியில் குழந்தைகளுக்கான பாடங்களைத் தேடிப் பார்க்கத் தொடங்கினாள். இரண்டு வருடங்களில் நிருஷனோடு உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அடுத்தது ஜெர்மன். தம்பி சுகிர்தன் சுவிசில், வேறு தமிழ்க் குடும்பமே இல்லாத ஒரு மலைக்கிராமத்தில் இருந்தான். அவனுடைய மகள் மேனுகாவுக்குத் தமிழ் விளங்கும். ஆனால் தாய் கிருசாந்தியோடு மட்டுமே அதைப் பேசுவாள். மற்றவர்களிடம் வெட்கம். சரி, அவள் பாசையிலேயே கதைப்போம் என்று இரஞ்சிதம் முடிவு செய்தாள். பல மாதங்கள் படித்து, முதல் வசனத்தைச் சொன்னபோது மேனுகா படபடவென்று பதில் சொன்னாள். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, நீ படிச்சது ஜெர்மன்காரன்ர ஜெர்மன். இஞ்ச வீட்டில கதைக்கிறது வேற!"

ஆனால் அன்றிலிருந்து மேனுகா அவளுக்காகப் பள்ளிக்கூட ஜெர்மனில் நிறுத்தி நிறுத்திக் கதைத்தாள். மாமி பிழை விட்டால் திருத்துவாள். கிழமையில் ஒருநாள் இருவருக்கும் அதுதான் கொண்டாட்டம்.

மேனுகாவுக்குப் பத்து வயதாகும்போது கிருசாந்தி புற்றுநோயில் போய்விட்டாள். அதன்பிறகு மேனுகா தமிழில் வாய் திறக்கவில்லை. தகப்பன் தமிழில் கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். மாமியோடு ஜெர்மனில் பேசினாலும் தாயைப் பற்றிப் பேச்செடுத்தால், பாடம் இருக்கிறது என்று தொலைபேசியை வைத்துவிடுவாள்.

அடுத்த ஆடியில் தகப்பனும் மகளும் வந்தார்கள். வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே, கிருசாந்தி பிறந்த பூநகரியைப் பார்க்க இரஞ்சிதத்தையும் கூட்டிக்கொண்டு வாடகை வான் பிடித்துப் போனார்கள். அங்கே அவளுடைய ஆட்கள் ஒருவரும் இப்போது இல்லை. வீடு இருந்த காணியில் கிணறும் இரண்டு பனையும் மிச்சம். சுகிர்தன் கிணற்றுக்கட்டில் கையை வைத்தபடி நின்றான். மேனுகாவை இரஞ்சிதம் கரைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

களப்புக் கடலிலிருந்து வந்த வலையைச் சுற்றிப் பெண்கள் குந்தியிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மேனுகா கிட்டப்போய்க் குனிந்தாள். அவர்களுள் வயதானவளான அன்னபாக்கியம் என்பவள் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:

"தள்ளி நில்லு குஞ்சு, முள்ளுக் குத்திப்போடும்."

மேனுகா அப்படியே நின்றாள். பிறகு ஓடிவந்து மாமியின் கையைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது. ஜெர்மனில் கேட்டாள்: "அவருக்கு என் பெயர் எப்படித் தெரியும்?"

"எந்தப் பெயர்?"

அவள் மாமியின் காதோடு வாயை வைத்து அந்தச் சொல்லைச் சொன்னாள். "அம்மா மட்டும்தான் என்னை அப்படிக் கூப்பிடுவார். அவருக்கு அம்மாவைத் தெரியுமா?"

இரஞ்சிதம் யோசித்துப் பார்த்தாள். தகப்பன் அவளை மேனு என்றுதான் அழைப்பான். தானோ, ஜெர்மன் வந்த பெருமையில், இத்தனை வருடமும் ஒருநாள்கூட அவளைக் குஞ்சு என்று கூப்பிடவில்லை. இப்போது என்ன சொல்வது? தெரியும் என்று ஒரு பொய் சொன்னால் பிள்ளை சந்தோசப்படும். ஆனால் இந்தப் பிள்ளையிடம் பொய் சொல்வதற்கா அந்தப் பாசையைப் படித்தாள்?

மணலில் குந்தினாள். கோழிக்குஞ்சு என்று அர்த்தம், இங்கே தாய்மார் எல்லாரும் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், உன் அம்மாவையும் இந்தக் கரையில் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று ஜெர்மனில் சொல்லத் தொடங்கினாள். பாதியிலேயே அழுகை வந்து இலக்கணம் எல்லாம் குழம்பியது. அந்த மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு. குஞ்சை அவள் பெண்பாலில் சொன்னாள்.

"பெண்பால் இல்லை, மாமி. ஒன்றன்பால்" என்று மேனுகா தேம்பிக்கொண்டே திருத்தினாள்.

கொஞ்ச நேரம் இருவரும் கட்டிப்பிடித்தபடி இருந்தார்கள். பிறகு மேனுகா, "அப்படியென்றால் அது என்னுடைய பெயர் இல்லையா?" என்று கேட்டாள்.

"உன்னுடையதுதான். அவளுடையதும்தான். எனக்கு இதற்குமேல் சொல்லத் தெரியவில்லை."

மேனுகா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மெல்ல வலையடிக்குப் போய், முதலில் நின்ற அதே இடத்தில், வேண்டுமென்றே கிட்டவாக நின்றாள்.

அன்னபாக்கியம் இம்முறை நிமிர்ந்து பார்த்தாள். அழுத கண்கள் தெரிந்திருக்க வேண்டும். வலையில் கழற்றிய இறாலொன்றைக் காட்டிக் குரலை இறக்கினாள். "என்ன குஞ்சு, றால் வேணுமோ?"

"ஓம்" என்றாள் மேனுகா.

கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்த சுகிர்தனுக்கு மகளின் தமிழ் கேட்டது. அவன் நடுவழியில் நின்று அக்காவைப் பார்த்தான். இரஞ்சிதம், பேசாதே என்று கையைக் காட்டினாள்.

திரும்பும்போது வானுக்குள், தானும் அப்படிக் கூப்பிடலாமா என்று இரஞ்சிதம் கேட்டாள். மேனுகா யோசித்துவிட்டு, "இப்போது வேண்டாம்" என்றாள். இரஞ்சிதம் வற்புறுத்தவில்லை.

அந்த மூன்று கிழமையில் மேனுகாவின் தமிழ் சொல்லுச் சொல்லாகத் திரும்பியது. முதலில் ஓம், பிறகு போதும், பிறகு செல்வநாயகத்தோடு வயலுக்குப் போய் வந்து, "மாமா பொய் சொல்லுறார்" என்ற முறைப்பாடு. ஒருநாள் குசினியில் இரஞ்சிதம் வழக்கம்போல ஜெர்மனில் ஏதோ கேட்க, அவள் துருவிய தேங்காய்ப்பூவை வாயில் போட்டுக்கொண்டு, "மாமி, தமிழில கதையுங்கோ" என்றாள்.

இரஞ்சிதத்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கூடவே, இத்தனை பாடுபட்டுப் படித்ததை இனி யாரோடு பேசுவது என்று சின்னதாக ஒரு கவலையும் எட்டிப்பார்த்தது. அன்று பின்னேரம் அதைச் செல்வநாயகத்திடம் சொன்னபோது, "குருவியளோட கதையுமன்" என்றார் அவர்.

அந்தக் கவலை வீணாகிப்போனது. இப்போது சுவிசிலிருந்து அழைப்பு வரும்போது பகிடிகள் எல்லாம் தமிழில்தான். ஆனால் அம்மாவின் ஞாபகம் வந்து அழ வேண்டும்போல் இருக்கிற நாட்களில் மேனுகா ஜெர்மனுக்கு மாறிவிடுவாள். அப்போது இரஞ்சிதம் வேலையை அப்படியே போட்டுவிட்டு வேப்பமரத்தடிக் கதிரையில் போய் இருப்பாள். பிழை விடுவதைப் பற்றி அவள் இப்போது கவலைப்படுவதில்லை.