பன்னிரண்டு பானைத் திட்டம்

ஒரு தேசத்தின் மெய்யான கோட்டை அதன் கடைசிக் குடிமகன் வீட்டுத் தானியப் பானையே. கார்த்திகை முதல் தேதி காலையில், கூடத்தின் நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து, கோவிந்தப்பன் இந்த உண்மையை உலகத்துக்கு அறிவித்தார். உலகம் என்பது அந்த நேரத்தில் அவர் மனைவி மாதம்மாளும், வாசலில் நின்ற ஒரு கோழியும்தான். அறிவித்து முடித்ததும் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, இன்னொரு உருண்டை களி கேட்டார்.

மாதம்மாள் தன் பங்கைப் பாதியாகக் கிள்ளி அவர் தட்டில் வைத்தாள். கிள்ளினது தெரியாமல் இருக்க உள்ளங்கையில் உருட்டி வைத்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை. அவர் கண் எதிரே இருந்த இருட்டு அறைக்குள் போயிருந்தது. அங்கே சுவரோரம் பன்னிரண்டு பானைகள் வரிசையாக இருந்தன. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தால் அடங்குகிற அளவில், சூளகிரிச் சந்தையில் ஒரே குயவனிடம் வாங்கி வண்டியில் ஏற்றி வந்த பானைகள். ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பில் ஒரு மாதத்தின் பெயர். சித்திரை முதல் ஐப்பசி வரை ஏழு பானைகள் வாய்க்கு மண்ணும் சாணமும் பூசி முத்திரை வைத்தாயிற்று. மிச்சம் ஐந்தும் தங்கள் முறைக்காகக் கவிழ்ந்து கிடந்தன.

எல்லாம் அந்த முகாமால் வந்தது. பங்குனியில் கிருஷ்ணகிரியில் கிராமத் தலைவர்களுக்கென்று இரண்டு நாள் முகாம் நடத்தினார்கள். கோவிந்தப்பன் அப்போது தலைவர் இல்லை. முந்தின தேர்தலிலேயே ஊர் அவரை இறக்கிவிட்டிருந்தது. பதவி போனாலும் நடை போகவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பஞ்சம் வெள்ளம் என்று வந்தால் குடும்பங்கள் என்ன செய்யும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்தால் என்ன என்று அங்கே யாரோ ஒரு அதிகாரி பேசினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேசியதால் மற்றவர்கள் காதில் அது விழவில்லை. கோவிந்தப்பன் காதில் விழுந்து, ஊர் வந்து சேர்வதற்குள் திட்டமாகிவிட்டது. தேசத்துக்கு ஐந்தாண்டு, தன் வீட்டுக்குப் பன்னிரண்டு மாதம். மாதத்துக்கு ஒரு இலக்கு, இலக்குக்கு ஒரு பானை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று, ஒவ்வொரு பானையிலும் இரண்டு பக்கமும் மாதத்தின் பெயரைத் தானே எழுதினார். திட்டத்தில் அவர் கைபட்டு நடந்த வேலை அது ஒன்றுதான்.

சித்திரைப் பானை நிஜமாகவே ராகியால் நிறைந்தது. போன வருஷத்து விளைச்சல் அப்போது வீட்டில் இருந்தது. கோவிந்தப்பன் வருகிறவர் போகிறவரை எல்லாம் உள்ளே அழைத்து, பூச்சை உடைத்து, சட்டைக் கையை ஏற்றிவிட்டு, முழங்கை வரை பானைக்குள் விட்டு ஒரு பிடி ராகியை அள்ளி மேலே தூக்கிக் காட்டுவார். விரலிடுக்கில் ராகி மழைபோல் விழும். அவர்கள் போனதும் மாதம்மாள் மறுபடி பூசுவாள். வைகாசிப் பானைக்குக் கொள்ளு போட்டாள், பாதி. ஆனியில்தான் கணக்கு இடித்தது. வீட்டில் இருக்கிற ராகி ஒன்றுதான். அது பானைக்குள் போனால் தட்டுக்கு வராது. தட்டுக்கு வந்தால் பானைக்குப் போகாது. திட்டம் தீட்டியவர் தன் வயிற்றுக்கு மட்டும் எந்த இலக்கும் வைக்கவில்லை. வேளைக்கு மூன்று உருண்டை, அதற்குமேல் ஒரு சின்னது. மாதக் கடைசியில் பானை பூசியிருக்கிறதா என்று வந்து பார்ப்பார். பூசியிருக்கும். களம் தூற்றும்போது பறக்கிற பொட்டு, அந்த உமித் தூசியை, மாட்டுக் கொட்டகையில் குவித்து வைத்திருந்தார்கள். ஆனிப் பானைக்கு அதில் கொஞ்சம் அடியில் போனது. ஆடிக்கு நிறையப் போனது. ஆவணியிலிருந்து மேலே தூவக்கூட ராகி இல்லாமல் வெறும் பொட்டு.

வானமும் அந்த வருஷம் யாருடைய திட்டத்திலும் சேரவில்லை. ஆடியில் விதைத்தது ஒரு சாண் வளர்ந்து மஞ்சளாகி நின்றது. ஐப்பசியில் அதை மாடு மேய விட்டார்கள். பாரூர்ப் பக்கம் ஏரியில் இன்னும் தண்ணீர் நிற்கிறதாம் என்று பேசிக்கொண்டார்கள், வேறு யாரோ வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதுபோல. தாலுகாவில் கஞ்சித்தொட்டி திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. எந்தெந்த ஊர் என்று விசாரித்தபோது இவர்கள் ஊர் அதில் இல்லை. ஏன் இல்லை என்றும் தெரிந்தது. ஆவணியில் நடந்த ஒரு கூட்டத்தில் கோவிந்தப்பன் எழுந்து நின்று, எங்கள் ஊரில் வீட்டுக்குப் பன்னிரண்டு பானை, எந்தப் பஞ்சம் வந்தாலும் அரசாங்கத்தை நோக்கிக் கை நீட்டமாட்டோம் என்று முழங்கியிருக்கிறார். கைதட்டினார்களாம்.

ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் தாலுகா ஆபீசுக்கு நடந்து போய் அழுதார்கள். தாசில்தார் ஐசக் கேட்டுக்கொண்டார். "நானே வந்து பார்க்கிறேன். முதலில் அந்தப் பானை வீட்டைப் பார்க்கிறேன்" என்றார்.

அந்த நாள்தான் இன்று.

"தரைக்குச் சாணி போட்டியா?" என்றார் கோவிந்தப்பன், கை கழுவிக்கொண்டே.

"போட்டன்."

"தொரை வந்தா நீ கதவுக்கு அந்தாண்ட நில்லு. கேட்டா மட்டும் பேசு."

மாதம்மாள் சொம்பை வாங்கிக்கொண்டாள். ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியத்தை ஆரம்பித்தாள். "ஏங்க, கஞ்சித்தொட்டி வந்தா வந்துட்டுப் போவட்டுமே. ஊர்ல கொழந்தைங்க..."

"வந்தா நம்ம ஊரு பேரு என்னாவறது? தட்டேந்தறவங்க ஊருன்னு தாலுகா பூரா பேசுவான்."

"இல்ல, அந்தப் பானைங்க வந்து..."

"பானையப் பத்தி நீ ஒண்ணும் பேச வேணாம்" என்றார் அவர். சட்டென்று, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனார்.

பின்வாசலில் சாந்தம்மா நின்றிருந்தாள். அடுத்த வீடு. இடுப்பில் கைக்குழந்தை, அழக்கூட வலுவில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. நாலு நாள் முன்னால் ஒரு படி ராகி கேட்டு வந்தவள். மாதம்மாள் இல்லை என்றபோது அவள் கதவு வழியாகப் பானை வரிசையைப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பேச்சில்லை. இன்று அவளாக வந்திருக்கிறாள்.

"ராகி கேக்க வரலக்கா. பயப்படாத."

மாதம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள்.

"ஏழு பானைய வெச்சிகினு இல்லன்னு சொன்ன பாரு, அது ஒன் இஷ்டம். ஒன் வூட்டு ராகி. ஆனா அந்தத் தொரைகிட்ட இந்த ஊருக்குக் கஞ்சி வேணாம்னு ஒன் வூட்டுக்காரரு சொல்லிட்டாருன்னா, அது எங்க வூட்டு கஞ்சிக்கா." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "எனக்குப் பால் நின்னு போச்சு. பண்ணக்கீரையும் தீந்து போச்சு. அவ்ளோதான் சொல்ல வந்தன்."

உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று மாதம்மாளுக்குத் தோன்றியது. சாந்தம்மாவிடம் சொன்னால் கிணற்றடிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? கோவிந்தப்பன் பானையில் பொட்டு. இருபத்தைந்து வருஷம் அந்த மனிதனின் வேட்டியை மடிப்புக் கலையாமல் துவைத்துப் போட்டவள் அவள். சொல்லாவிட்டால் ஊரே அவளைக் கல்நெஞ்சக்காரி என்னும். சொன்னால் ஊரே அவரைப் பார்த்துச் சிரிக்கும். அவர் பசியைத் தாங்குவாரோ என்னவோ, சிரிப்பைத் தாங்கமாட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் தெருப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது.

தாசில்தார் ஐசக் ஒல்லியான மனிதர். மீசை நரைத்திருந்தது. கூட ஒரு குமாஸ்தா. கோவிந்தப்பன் மாலை போட்டார். அந்த வறட்சியில் எங்கிருந்தோ அரளிப் பூ கிடைத்திருக்கிறது. "ஐயா, ஒரு தேசத்தின் மெய்யான கோட்டை" என்று அவர் ஆரம்பித்தபோது தாசில்தார் மாலையைக் கழற்றிக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு, "பானையைப் பார்க்கலாமா?" என்றார்.

ஊர் வாசலில் அடைத்துக்கொண்டு நின்றது. மாதம்மாள் பானை அறையின் மூலையில், கதவு மறைவில் நின்றாள். சாந்தம்மாவின் குழந்தை முனகுவது அங்கே வரை கேட்டது.

"சித்திரையத் திறக்கறங்க ஐயா" என்றார் கோவிந்தப்பன். "மொத மாசத்து இலக்கு. பாருங்க."

மாதம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். சித்திரைப் பானையிலிருந்துதான் புரட்டாசி முதல் வீடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ராகியை அள்ள அள்ள அடியில் பொட்டைக் கொட்டி, மேலே நாலு விரல் ராகியைப் பரப்பி வைத்திருந்தாள். அவர் எப்போதும்போல முழங்கை வரை கையை விட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

கோவிந்தப்பன் பூச்சை உடைத்தார். சட்டைக் கையை ஏற்றவில்லை. விரல் நுனியை மட்டும், சூடான கஞ்சியைத் தொடுவதுபோல உள்ளே விட்டு, ஒரு சிட்டிகை ராகியை எடுத்துத் தாசில்தாரின் உள்ளங்கையில் வைத்தார். வைத்துவிட்டு மூடியை உடனே மூடினார். மூடியின் மேலேயே கையை வைத்துக்கொண்டார்.

மாதம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும். இன்று நேற்று இல்லை, என்றைக்கோ தெரியும். புரட்டாசிக்கப்புறம் அவர் யாருக்கும் முழங்கை விட்டுக் காட்டவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வந்து பூச்சைத் தட்டிப் பார்த்திருக்கிறார். தெரிந்துகொண்டேதான் காலையில் தட்டை முன்னால் தள்ளியிருக்கிறார்.

"நல்ல ராகி" என்றார் தாசில்தார், உள்ளங்கையை முகர்ந்து பார்த்து. "இப்படி ஏழு பானையா?"

"ஏழும் இப்படியேதானுங்க."

"ஊரில் மற்ற வீடுகளில்?"

"எல்லாரும் நம்மளப் பாத்துதானுங்க நடக்கறாங்க."

வாசலில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். தாசில்தார் குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியானால் தொட்டியை அடுத்த ஊருக்கே வைத்துக்கொள்ளலாம். எழுதிக்கொள்ளுங்கள்." செருப்பைத் தேடிக் காலை நீட்டினார்.

மாதம்மாள் மறைவிலிருந்து வெளியே வந்தாள். பூசியவற்றில் கடைசியான ஐப்பசிப் பானையின் விளிம்பில் ஒரு கையைக் கொடுத்துத் தூக்கினாள். ஒரே கையில், கோழிக்குஞ்சைத் தூக்குவதுபோல வந்தது. கொண்டுபோய் தாசில்தாரிடம் நீட்டினாள்.

"புடிங்க ஐயா."

ராகி நிறைந்த பானையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும் என்று தாசில்தாருக்குத் தெரிந்திருக்கவேண்டும். காலை அகட்டி, முதுகை வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். பிடித்த மூச்சுக்குப் பானை மேலே பறந்தது. விளிம்பு அவர் தாடையில் இடித்து, பூச்சு விண்டு, பொட்டு குபுக்கென்று கிளம்பி மீசையெல்லாம் படிந்தது.

கொஞ்ச நேரம் பொட்டு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, கதவு வெளிச்சத்தில். தாசில்தார் தும்மினார். பானையைக் கீழே வைத்துவிட்டு, ஆவணியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். புரட்டாசியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கோவிந்தப்பனைப் பார்த்தார்.

கோவிந்தப்பன் தொண்டையைச் செருமினார். "அது வந்துங்க ஐயா, இலக்குக்குன்னு ஒதுக்கி வெச்ச எடமுங்க" என்றார்.

வாசலில் யாரும் சிரிக்கவில்லை. மாதம்மாள் அந்தச் சிரிப்புக்காகத் தலையைக் குனிந்து காத்திருந்தாள். அது வரவில்லை. சாந்தம்மா மட்டும் உள்ளே எட்டிப் பார்த்து, தரையில் சிந்திக் கிடந்த பொட்டைப் பார்த்து, பிறகு மாதம்மாளின் ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள். "ஏமக்கா" என்றாள், என்னக்கா என்று, வீட்டில் பேசுகிற தெலுங்கில், தாழ்ந்த குரலில்.

அடுத்த திங்கட்கிழமை சாவடிக்கு முன்னால் கஞ்சித்தொட்டி வந்தது. அதுவரை கோவிந்தப்பன் மாதம்மாளிடம் பேசவில்லை. தட்டை முன்னால் தள்ளவும் இல்லை. வைத்ததைச் சாப்பிட்டு எழுந்து போனார். ஆனால் திறப்பன்று காலையில் வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. துண்டு தோளில் இருந்தது. சாவடிக் கல்மேல் ஏறி நின்று, தன் வீட்டுப் பானையைத் தானே முன்வந்து திறந்து காட்டி இந்த ஊருக்கு இதைக் கொண்டுவந்த வரலாற்றைச் சொன்னார். அண்டாவிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்ததால் அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை. குமாஸ்தா நடுவில் குறுக்கிட்டு, வீட்டுக்கு ஒரு பாத்திரம், எவ்வளவு பெரிய பாத்திரமானாலும் ஒன்றுதான் என்று கத்தினான்.

கோவிந்தப்பன் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்கு விரைந்தார்.

மாதம்மாள் அடுப்படியில் இருந்து பார்த்தாள். அவர் சட்டியைத் தொடவில்லை, குண்டானைத் தொடவில்லை. இருட்டு அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது. தரையில் தட்டிப் பொட்டை உதிர்க்கிற சத்தம் கேட்டது. அவர் வெளியே வந்தபோது மாதம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, பின்னாலேயே போனாள்.

வரிசை சாவடியைச் சுற்றி வளைந்திருந்தது. அலுமினியப் போகிணி, மண்சட்டி, ஓட்டை அடைத்த தூக்கு என்று ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். சாந்தம்மா முன்னால் நின்றாள், குழந்தையும் ஒரு சொம்புமாக. கோவிந்தப்பன் கடைசியில் போய் நின்றுகொண்டார். எழுத்து இருந்த பக்கத்தை வயிற்றோடு சேர்த்துப் பானையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, தலையை நிமிர்த்தி, எல்லோருக்கும் மேலே தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பானையின் மறுபக்கத்திலும் ஐப்பசி என்றுதான் எழுதியிருந்தது.