மூச்சு மெஷினுக்கு இரண்டு பெட்டரி

விஜிதாவுக்கு இழுப்பு காலையிலேயே தொடங்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்துத்தான் பசறை ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. தோட்டத்து லொறியும் சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி என்ற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளைக்கு ஆறு வயது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போனது. பேச்சு வரவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எந்தத் தாயால் தாங்க முடியும்?

மூச்சு மெஷின் வீட்டில் இருந்தது. பதுளை டாக்டர் எழுதிக்கொடுக்க, கொழும்பில் கடையில் நிற்கும் என் புருஷன் வாங்கி அனுப்பியது. மருந்தைப் புகையாக்கி நெஞ்சுக்குள் அனுப்பும். ஆனால் மடுல்சீமையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்ட் எங்கே? கம்பம் நட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அதனால் பசறையில் ஸலீம் நானாவின் கடையில், பெட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் இன்வேட்டர் ஒன்று வாங்கியிருந்தேன். அதற்கு இரண்டு பெட்டரி வேண்டும். ஒன்று எங்கள் டீவி பெட்டரி, மற்றது பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராசம்மா அக்காவுடையது. இரண்டும் ஒரே தீபாவளிக்கு ஒரே கடையில் வாங்கியவை. ஜோடி சேர்ப்பதென்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று நானா சொல்லியிருந்தார். இரண்டும் சார்ஜ் ஏறி முந்தின நாள்தான் பஸ்ஸில் வந்திறங்கின.

லயத்தில் டீவிக்குப் பெட்டரி பூட்டுகிறவர் யோகராஜ். அவர் தேயிலை கவ்வாத்து வெட்ட மலைக்குப் போயிருந்தார். இருந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டேன். கம்பியை முனைகளில் உரசிப் பொறி பறக்கவிட்டு, "சார்ஜ் ஃபுல்லா இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்துவதுதான் அவருடைய வித்தை. அதைப் பார்க்க ஒரு கூட்டம் வேறு கூடும், பெரிய சர்க்கஸ் மாதிரி.

நானா கடையில் வைத்தே என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்திருந்தார். "தங்கச்சி, சார்ஜ் போட்ட பெட்டரியும் மூச்சு வுடும். அந்த மூச்சுல நெருப்புப் பட்டா வெடிச்சிரும். ஜன்னலத் தொறந்து வைங்க. கழுத்துல கையில ஒரு நகையும் இருக்கப்படா, ரெண்டு முனையிலயும் பட்டா பொறி பறக்கும்."

பெட்டரிகளை ஜன்னலடியில் வைத்து, எட்ட மேசையில் இன்வேட்டரை வைத்தேன். அந்த நேரம் பார்த்து ராசம்மா அக்கா தட்டில் சூடம் எரிய உள்ளே வந்தார். எங்கள் லயத்தில் புது சாமான் எது வந்தாலும், ரேடியோவோ சைக்கிளோ, சூடம் காட்டாமல் தொடமாட்டோம். தட்டு பெட்டரியை நோக்கி வந்தது. பாய்ந்து போய் ஊதி அணைத்தேன்.

"சூடத்தப் போயி வாயால ஊதி அணைச்சிட்டியேடி, பாவி!"

"பாவின்னே வச்சிக்குங்கக்கா. அது வெடிச்சா புள்ள என்னாகும்?"

"எனக்கு என் பெட்டரியக் குடுத்துரு."

"புள்ளைக்கு மூச்சு வந்ததும் நானே தூக்கியாந்து ஒங்க வாசல்ல வைக்கிறேன். இப்ப தரமாட்டேன்."

அக்கா அணைந்த தட்டை மூலையில் வைத்தார். நான் அப்படி எதிர்த்துப் பேசுகிறவளல்ல. கதவையும் அகலத் திறந்துவைத்துவிட்டு ஸ்பானரோடு குனிந்தேன். தாலிக்கொடி தொங்கி இரண்டு முனைகளுக்கும் நேர்மேலே ஆடியது. ரவிக்கைக்குள் செருகினேன். குனிந்ததும் வெளியே வந்து விழுந்தது. மறுபடி செருகினேன், மறுபடி விழுந்தது. சனியன் என்று வாய்வரை வந்துவிட்டது, தாலியைப் போய் அப்படிச் சொல்வதா என்று விழுங்கிக்கொண்டேன். பின்னால் விஜிதாவின் இழுப்பு விசில் மாதிரி கேட்டது. தலைவழியாகக் கழற்றினேன்.

"ஏய் பெரியாயி, என்னடி பண்ற! புருசன் உசுரோட இருக்கையில…"

"இந்தாங்க, புடிங்க."

அக்கா கையை நீட்டவில்லை.

"தரையில வைக்கவா?"

பதறிப்போய் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டார்.

எனக்கு மட்டும் பயம் இல்லாமலா இருந்தது? கொழும்பில் அவர் ரோட்டைக் கடக்கிற மாதிரியெல்லாம் கண்முன் வந்தது. ஆனாலும் கம்பிகளைக் கையில் எடுத்தேன். முதலில் ஒரு பெட்டரியின் பிளஸ்ஸுக்கும் மற்றதன் மைனஸுக்கும் நடுவே ஒரு கம்பி. மிஞ்சிய பிளஸ்ஸில் ஃபியூஸ் வைத்த சிவப்பு, மிஞ்சிய மைனஸில் கறுப்பு. சிவப்பின் மறுமுனையை இன்வேட்டரில் முறுக்கினேன். கடைசிக் கறுப்பு முனையில் பொறி வரும்; அதைப் பெட்டரியில் அல்ல, எட்ட இருக்கும் இன்வேட்டரில்தான் பூட்டவேண்டும். பூட்டியபோது அங்கே சடக்கென்று ஒரு பொட்டுப் பொறி. "முருகா!" என்று அக்கா கத்தினார். பெட்டரிகள் பேசாமல் இருந்தன. சுவிட்சைப் போட்டேன்.

மெஷின் உறுமியது. மாஸ்க்குக்குள் வெள்ளைப் புகை சுழன்றது. விஜிதா இழுத்தாள், இருமினாள், மறுபடி இழுத்தாள். மெல்ல மெல்ல விசில் இறங்கியது. "ம்மா" என்றாள். அவ்வளவுதான், எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அக்கா முந்தானையை நீட்டினார். "மொதல்ல இதப் போட்டுக்கடி."

"மருந்து முடியட்டும்க்கா. கம்பியக் கழட்டுறப்பவும் கழுத்துல இருக்கப்படாது. ஒங்க பெட்டரியத் தரணும்ல?"

அக்கா முந்தானையோடு சேர்த்துத் தாலியை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மற்றக் கையால், நழுவிய மாஸ்க்கைப் பிள்ளையின் மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். புகை அவருடைய விரலிடுக்குகளில் கசிந்து வந்தது.