தேரில் இல்லாத பேர்

தகரப் படலை படாரென்று மதிலில் மோதியது. மடிக்கணினியின் முன் அரைத் தூக்கத்தில் இருந்த தயாளினி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். முற்றத்தில் பெரியப்பா சீவரத்தினம். கிணற்றுப் பங்குச் சண்டைக்குப் பிறகு இரண்டு வருடமாக இந்த வளவுக்குள் கால் வைக்காதவர்.

"எங்கை கொப்பன்?"

"அப்பா குளிக்கிறார். இருங்கோ பெரியப்பா."

"இருக்க வரேல்லை." கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். கோயில் திருவிழா நோட்டீஸ். நாளைக்கு அச்சுக்குப் போகிறது. "கொடியேற்றம், வேட்டை, தேர், மூண்டிலையும் நாங்கள் உபயகாரர். ஒண்டிலையும் பேரில்லை. நான் என்ன செத்தே போனன்?"

திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர் பட்டியலை நோட்டீசுக்குத் தரும் செயலி அவள் செய்தது. பகல் முழுக்க யாழ்ப்பாணத்தில் கம்பனி வேலை. இது சும்மா, அப்பா கோயில் சபைச் செயலாளர் என்பதற்காக. எரிகிற கண்ணைக் கசக்கிக்கொண்டு, எழுதிய நிரலைத் திறந்தாள். ஒரு குடும்பத்துக்குப் பல திருவிழா, ஒரு திருவிழாவுக்குப் பல குடும்பம். எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் என்று சோடி சேர்த்து வைக்க நடுவில் தனியாக ஓர் அட்டவணை. ஒரு நாளிலிருந்து ஒருவரை எடுத்தால் அந்தச் சோடி மட்டும்தான் அழிய வேண்டும். அவளுக்காகத் தரவுத்தளத்தோடு கதைக்கிற ஓஆர்எம் மென்பொருளோ சொன்னதை அப்படியே செய்யும். நித்திரை வெறியில் அவள் சேர்த்துவிட்ட 'காஸ்கேட்' என்ற ஒற்றைச் சொல், சோடியோடு சேர்த்துக் குடும்பத்தின் பதிவையே அழிக்கச் சொல்லியிருந்தது. குடும்பம் போக, மற்ற நாட்களும் கூடவே போய்விட்டன.

"என்ரை பிழை, பெரியப்பா. பழைய பிரதி கிடக்கு. எல்லாத்தையும் திருப்பிப் போடுறன்."

சீவரத்தினம் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

"மெசின் பிழையே? நான் கொப்பன்தான் பேரை வெட்டிப்போட்டான் எண்டு வழி நீளத் திட்டிக்கொண்டெல்லோ வந்தனான்." குரல் தணிந்தது. "ஒரு தேத்தண்ணி போடு பிள்ளை. கொப்பனைக் கண்டு கதைச்சிட்டுப் போறன்."

அவள் எழும்பவில்லை. ஏதோவொரு திருவிழாவிலிருந்து யாரோ இவர்களை எடுக்காமல் இது நடந்திருக்காது. யார் எதை மாற்றினார் என்ற பதிவைத் திறந்தாள். வியாழக்கிழமை, தேர்த் திருவிழா, நீக்கியவர்: செயலாளர்.

மெல்ல மூடிவைத்தாள். இன்னொரு சண்டையைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை. "ஓம் பெரியப்பா, மெசின்தான்."

பின்வாசலில் தலையீரம் சொட்ட அப்பா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ. துவாயைக் கையில் முறுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்துச் சொன்னார்:

"தேரிலை இருந்து மட்டுந்தான் எடுத்தனான், அண்ணை."